விட்டுப் பிடிக்கும் கை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். தெரியாது. கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் உங்களுடையது எது என்பதும் இங்கே வராது. பதிலை இதழில் வெளியிடச் சம்மதித்ததற்கு நன்றி. உங்கள் வீட்டில் நடப்பது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கவில்லை என்பதால்தான் கேட்டேன்.

தை பிறந்து மிளகு பறிப்பு தொடங்கியதிலிருந்து அண்ணன் இரவில் வீடு தங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தகரக் கொட்டகை, ஒற்றை மஞ்சள் பல்பு, விளிம்பு பெயர்ந்த இரண்டு கேரம் போர்டு. அடிவாரத்திலிருந்து வண்டியில் ஏறி வரும் ஆட்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று ஆரம்பித்தது இப்போது ஓர் ஆட்டத்துக்கு 5,000 ரூபாய். அப்பாவும் அண்ணனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் உள்ளே வந்தால் இவன் எழுந்து போகிறான். இருவருக்கும் நடுவில் அம்மா சோற்றுத் தட்டோடு நிற்கிறார். "இது சூதாட்டம் கிடையாது, திறமை ஆட்டம், சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு" என்பது அண்ணனின் வாதம். கடைசியில் நீங்கள் கேட்டிருந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்: "அவன் நிஜமாவே நல்லா ஆடுவான் சார். அப்புறம் ஏன் தோத்துக்கிட்டே இருக்கான்?"

அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நன்றாக ஆடுவதால்தான் தோற்கிறார்.

ராசிபுரம் பக்கம் இப்படியொரு கிளப்பில் பல மாலைகள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆடுவதற்காகப் போகவில்லை, நண்பனோடு துணைக்குப் போவேன். அங்கே வெளியூர்க்காரர் ஒருவர் வருவார். அழுக்கு லுங்கி, இரண்டு நாள் தாடி, லாரியிலிருந்து இறங்கி வந்தவர் போன்ற தூக்கக் கண். ஸ்டார்டிங் அடிக்கும்போதே காய்கள் சரியாகச் சிதறாது. குழி வாயில் நிற்கும் வெள்ளையைத் தட்டத் தெரியாமல் கருப்பை உள்ளே தள்ளிவிடுவார். ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோவை நூலிழையில் தவறவிட்டு, "ச்சே!" என்று தொடையில் அடித்துக்கொள்வார். உள்ளூர்ப் பையன் நான்கு ஆட்டம் ஜெயிப்பான். 50 ரூபாய், 100 ரூபாய், 200 ரூபாய். சுற்றி நிற்பவர்கள் பையன் மேல் பந்தயம் கட்ட ஆரம்பிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் வெளியூர்க்காரரின் ஆள் ஒருவர் நிற்பது யாருக்கும் தெரியாது. எதிர்ப் பந்தயத்தையெல்லாம் அவர் வாங்கிக்கொள்வார்.

அப்புறம் தொகை பெரிதாகும். அப்போதும் வெளியூர்க்காரர் கை திடீரென்று புலியாகிவிடாது. அங்கேதான் அவருடைய வித்தை. மேலே அதே தடுமாற்றம், அதே சலிப்பு. ஆனால் கடைசி இரண்டு காய் மட்டும் பிசகாமல் விழும். பையன் ஒரே ஒரு காயில் தோற்பான். அடுத்ததிலும் ஒரு காய். அதற்கடுத்து ஒன்றை அவனே ஜெயிப்பான், பிறகு மறுபடி ஒரு காய். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது அவன் கை காலி. ஆனாலும் மனதில், "பவுடர் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, இல்லேன்னா முடிச்சிருப்பேன்" என்ற கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஏழெட்டுக் காய் வித்தியாசத்தில் தோற்கடித்தால் பையன் மறுநாள் வரமாட்டான் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியும். எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயிப்பது என்பதைக் கையில் வைத்திருப்பவர்தான் இந்த ஆட்டத்தில் உண்மையான கெட்டிக்காரர். விட்டுப் பிடிக்கிறார்.

இந்த வேலையைத் தாயக்கட்டையில் செய்ய முடியாது. அதிர்ஷ்டத்தில் தோற்றவன் நேரத்தைத் திட்டிவிட்டு எழுந்து போகலாம். திறமையில் தோற்றவன் தன் கையைத்தானே திட்டிக்கொள்ள வேண்டும்? தன் கை மேல் அவனுக்கு நம்பிக்கையும் உண்டு, அதனால் மறுபடி உட்காருகிறான். கொஞ்சமும் ஆடத் தெரியாதவனை இந்த ஆட்கள் சீண்டவே மாட்டார்கள். அவர்கள் தேடுவது ஊரில் முதல் கை என்று பெயர் வாங்கியவனை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் அண்ணன் அப்படிப்பட்டவர்.

வள்ளுவர் சூது அதிகாரத்தின் முதல் குறளிலேயே எச்சரிப்பது வெற்றியைப் பற்றித்தான், தோல்வியைப் பற்றி அல்ல. தூண்டில் இரும்பை அவர் பார்ப்பது ஜெயித்த காசுக்குள். அண்ணன் ஜெயித்த முதல் நான்கு ஆட்டங்களை நினைத்துப் பாருங்கள்.

இனி காசு. 5,000 ரூபாய் என்று நோட்டாகப் பார்த்தால் அதன் கனம் தெரியாது. நல்ல காலத்தில் மிளகு கிலோ 650 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 5,000 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட எட்டுக் கிலோ காய்ந்த மிளகு வேண்டும். மூன்று கிலோ பச்சையைக் காயவைத்தால் ஒரு கிலோ தேறும், ஆக இருபத்து நான்கு கிலோ பச்சை. சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் துணியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொடி அறுந்துவிடாமல் ஒவ்வொரு சரமாகக் கிள்ளிப் போட்டு இருபத்து நான்கு கிலோ சேர்க்க உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு நேரமாகும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதைக் காலால் மிதித்து மணி உதிர்த்து, சாக்கில் பரப்பி, மழை வந்தால் அள்ளி உள்ளே போட்டு, வெயில் வந்தால் மறுபடி பரப்பும் நாட்கள் தனி. கேரத்தில் ஒரு போர்டு முடியப் பத்து நிமிடம்கூட ஆகாது.

அண்ணனிடம் இந்தக் கணக்கை அப்பா சொன்னால் சண்டையாகத்தான் முடியும். நீங்கள் சொல்லுங்கள். ரூபாயாகச் சொல்லாமல், கிலோவாகச் சொல்லுங்கள்.

அவருக்கு முன்பணம் கொடுத்து ஆடவைக்கும் ஒருவரைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். "தோத்தா அவர் பாத்துக்குவார்" என்று அண்ணன் சொல்கிறாராம். கடிதத்திலேயே என்னை மிகவும் கலங்கவைத்தது இதுதான். 1961-இல் வந்த அமெரிக்கப் படம் ஒன்று உண்டு, 'தி ஹஸ்லர்'. பால் நியூமன் அதில் ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் கட்டிப் பூல் ஆடும் இளைஞனாக நடித்தார். அந்தப் படத்தில் ஆடத் தெரிந்தவர்களைவிடப் பயங்கரமானவர், கோலைக் கையில் எடுக்காமலே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பணக்காரர். பந்தயப் பணம் முழுக்க அவருடையது; ஜெயித்தால் அவருக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு. கொட்டகைக்கும் அந்தப் பூல் ஹாலுக்கும் நடுவே கடல் கிடந்தாலும், அந்த நாற்காலி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். "பாத்துக்குவார்" என்பவர் எதைப் பார்த்துக்கொள்கிறார்? தோற்ற பணத்தை அண்ணன் பேரில் கடனாக எழுதி வைத்துக்கொள்கிறார். அந்தக் கடனுக்கு ஈடாக அவர் கண் வைத்திருப்பது அண்ணனின் கை மேல் அல்ல, உங்கள் அப்பாவின் காப்பித் தோட்டத்தின் மேல். அடுத்த வருட மிளகை இந்த வருடமே பேசி வாங்கிக்கொள்வது, குத்தகை என்று எழுதி நிலத்தில் உட்கார்ந்துகொள்வது இதெல்லாம் மலைக்குப் புதிதல்ல. கேரம் போர்டு அதற்கு இன்னொரு வாசல், அவ்வளவுதான்.

இங்கே சூதைப் பற்றி நம்மிடம் இருக்கும் பழைய கதை ஒன்றை நினைவுபடுத்தியே ஆக வேண்டும். தருமன் தோற்றதை எல்லோரும் பேசுகிறோம். சபையில் பாஞ்சாலி கேட்ட கேள்வி ஒரு சட்டக் கேள்வி என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. தன்னையே தோற்ற பிறகு என்னை வைத்து ஆட அவருக்கு ஏது உரிமை என்று கேட்டாள். பீஷ்மரால்கூட நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு உங்கள் அம்மா அதைக் கேட்டால் பதில் உண்டு. பட்டா அப்பா பேரில் இருக்கும் வரை அந்த நிலத்தை அண்ணன் அடகு வைக்க முடியாது. மேஜரான மகன் தானாக வாங்கிய கடனுக்கு அப்பா பொறுப்பாளி ஆக மாட்டார், அவரே ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒழிய. யாராவது வீட்டுக்கு வந்து, "பையன் மானத்தைக் காப்பாத்துங்க கவுண்டரே, ஒரு கையெழுத்துதானே" என்று பேப்பரை நீட்டினால், அந்த ஒரு கையெழுத்துத்தான் எல்லாம். போடவே கூடாது. இதை இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

அண்ணன் சொல்லும் சுப்ரீம் கோர்ட்டுக்கு வருகிறேன். அவர் சொல்வது பொய் இல்லை, பாதி. 1930-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம், வெறும் திறமையால் ஆடும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. 1967-இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைத்தான் நாடு முழுக்கச் சீட்டு கிளப்காரர்கள் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பதுபோல் பேசுவார்கள். அதே தீர்ப்பு இன்னொன்றும் சொல்கிறது: பந்தயம் கட்டி ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்தின் சொந்தக்காரர் லாபம் பார்க்கிறார் என்பதற்குச் சாட்சி இருந்தால் அது குற்றமாகலாம். போர்டு வாடகை போக, ஒவ்வொரு பந்தயத்திலும் கொட்டகைக்காரர் ஒரு பங்கு எடுக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதியை அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை.

திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கு தமிழ்நாட்டில் எவ்வளவு தூரம் இழுத்தது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் வந்தபடி இருந்தன. 2021-இல் கொண்டுவந்த தடையை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு அறிக்கை தந்த பிறகு, 2022 அக்டோபரில் சட்டமன்றம் புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பரில் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது, காரணம் மறுபடியும் திறமை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில்தான் அந்தக் கேள்வியே ஓரங்கட்டப்பட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆன்லைனில் ஆடும் ஆட்டம் கூடாது என்று அது சொல்கிறது. எனக்கு அது சரியாகவே படுகிறது. ஒரு குடும்பத்தின் அரிசிப் பானைக்கு முன்னால் அந்தக் கேள்விக்கு ஒரு மதிப்பும் இல்லை. அந்தச் சட்டம் தகரக் கொட்டகைக்குப் பொருந்தாது, அங்கே பழைய சட்டம்தான். ஆனால் கொட்டகையை மூடினால் அண்ணன் போனுக்குத் தாவிவிடக் கூடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பந்தயத்தில் தோற்ற தொகையை நீதிமன்றம் போய் வசூலிக்க முடியாது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாது என்கிறது. இது பணம் கொடுப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்கள் பந்தயம் என்று எழுதுவதில்லை. "குடும்பச் செலவுக்காகக் கைமாற்றாகப் பெற்றுக்கொண்டேன்" என்று புரோநோட்டில் எழுதி வாங்குகிறார்கள். அண்ணன் ஏற்கெனவே அப்படி எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால் அதை உடைப்பது எளிதல்ல, வக்கீல் வேண்டும். அதற்குச் செலவாகும் என்று பயப்பட வேண்டாம். 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பழங்குடியினருக்கும் பெண்களுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நாமக்கல்லில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. கீழே இறங்க முடியாவிட்டால் 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். வட்டிக்கு வட்டி போட்டு மிரட்டினால் 2003-ஆம் வருடக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது.

அப்பா கொட்டகையை அடித்து நொறுக்கப் போவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கோபம் நியாயம். ஆனால் கேரத்தின் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது, அண்ணனின் ஸ்ட்ரைக்கரை அடுப்பில் போட்டுவிட்டார் என்பதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது.

தப்பு ஆட்டத்தில் இல்லை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நீலகிரியில் ஊட்டி கிளப் இருக்கிறது. ஜபல்பூரில் 1875-இல் நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி விளையாட்டாக உருவாக்கிய ஸ்நூக்கருக்கு, 1882-இல் விதி எழுதி மாட்டியது அங்கேதான். அதற்கு முன்னால் அதிகாரிகள் மெஸ்ஸில் ஆடிய பூல் ஆட்டங்களில் காசு வைப்பது வழக்கம். ஆனாலும் அங்கே யாரும் யாரையும் விட்டுப் பிடித்திருக்க முடியாது. தினமும் ஒரே மேசையில் ஆடுகிறவர்களுக்கு ஒருவர் கை மற்றவருக்கு அத்துப்படி. ஏமாற்றி ஆடுகிறவருக்குத் தேவை ஓர் அந்நிய ஊர், தன் கை தெரியாத கூட்டம். அதற்காகத்தான் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி உங்கள் ஊருக்கு வருகிறார். அடிவாரத்தில் அவர் பேர் கெட்டுவிட்டது.

இதற்கு மருந்து ஒன்று உண்டு, அது கேரத்துக்குள்ளேயே இருக்கிறது. பேர் எழுதி, புள்ளி எழுதி, நடுவர் உட்கார்ந்து நடத்தும் போட்டியில் யாரும் தன் கையை ஒளித்து ஆட முடியாது. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. சென்னைக்காரர் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன். கேரத்துக்காக அர்ஜுனா விருது வாங்கியவர். வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னையின் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். மகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அங்கேயும் ஓர் அப்பா, ஒரு போர்டு, கைவருமானத்தில் ஓடும் குடும்பம். தமிழ்நாடு அரசு காசிமாவுக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது, அதற்காக அந்தக் குடும்பம் எதையும் பணயம் வைக்கவில்லை.

உங்கள் அண்ணன் உலக சாம்பியன் ஆவார் என்று நான் சொல்ல வரவில்லை. நேர்மையான போட்டியில் தன் கை எங்கே நிற்கிறது என்று ஒருமுறை அவர் பார்த்துவிட வேண்டும். மாவட்ட அளவில் ஆடி முதல் சுற்றில் வெளியே வந்தாலும் சரி. "ஒரு காயில் போச்சு" என்ற மயக்கம் அங்கே கலையும். ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி நடக்கிறது இல்லையா? செம்மேட்டுக்கு அண்ணன் ஆண்டுதோறும் அதைப் பார்க்கப் போவாராமே. அங்கே அம்பு விட வருகிறவர் வேண்டுமென்றே குறி தவறுவதில்லை. தவறினால் தவறியதாகத்தான் எழுதுவார்கள்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில. இந்த அறுவடையின் மிளகுப் பணம் ரொக்கமாக வீட்டுக்கு வர வேண்டாம். வியாபாரியிடம் பேசி அம்மாவின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். பட்டாவும் பாஸ்புக்கும் அம்மாவின் தங்கை வீட்டில் இருக்கட்டும். ஊர்ப் பெரியவர்களிடம் போவதாக இருந்தால், "என் மகன் சூதாடுகிறான்" என்று அப்பா போய் நிற்க வேண்டாம். மகன் அன்றோடு மொத்தமாக விலகிப்போவான். வெளியூர்க்காரர் வந்து பையன்களின் காசைப் பிடுங்குகிறார், கொட்டகையில் பங்கு எடுக்கிறார்கள் என்று சொல்லட்டும். அது ஊர்ப் பிரச்சினை, நாலு வீட்டுத் தாய்மார்கள் கூட வருவார்கள்.

இழந்ததை மீட்கத்தான் ஆடுகிறேன் என்று அண்ணன் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். விட்டதைப் பிடிக்க ஓடுவதை இன்றைய மருத்துவம் ஒரு நோயின் அடையாளமாகப் பார்க்கிறது, குணக்கேடாக அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்ட நோய்க்கும் இடமுண்டு. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அவர் பேச மறுத்தால் முதலில் நீங்கள் பேசுங்கள், வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று அவர்கள் உங்களுக்கும் சொல்வார்கள். அவர் தூக்கமில்லாமல், யாரோடும் ஒட்டாமல், "நான் போயிட்டா எல்லாம் சரியாயிடும்" என்பதுபோல் ஏதாவது சொன்னால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.

அப்பா அண்ணனோடு பேச வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பேச வேண்டும், ஆனால் ஆட்டத்தைப் பற்றி வேண்டாம். கொடிக்கு நிழல் கழிப்பதைப் பற்றி, மரவள்ளி விலையைப் பற்றி, எதைப் பற்றியாவது. கடன் எவ்வளவு என்ற உண்மையான தொகை அண்ணன் வாயிலிருந்து வர வேண்டுமானால், முதலில் அந்த வீட்டில் பேச்சு இருக்க வேண்டும். அந்தத் தொகை தெரியாமல் சட்ட உதவி வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது.

புரோநோட்டு எழுதிய தேதி, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் யார், கையில் வாங்கிய பணம் எவ்வளவு, நோட்டில் எழுதிய பணம் எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்து எடுத்துக்கொண்டு நாமக்கல் போய் வாருங்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் ஸ்தானத்தில் ஒருவன்